நடந்தால் மட்டும் போதுமா?

சென்ற தை மாதம் ஊரில் என் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம். பந்தியில் தரையில்தான் இலை போட்டிருந்தார்கள். சம்மணமிட்டு உட்கார்ந்து திருப்தியாகச் சாப்பிட்டேன். எழுந்திருக்கப் பார்த்தபோதுதான் வினை. முழங்காலில் வலி ஒன்றும் இல்லை. தொடைதான் தூக்க மறுத்தது. எச்சில் கையோடு நான் தவிப்பதைக் கண்டு தங்கை பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். "பார்த்து, மாமா" என்றான் சின்னவன். எனக்கு வயது 67. தினமும் காலையில் நான்கு கிலோமீட்டர் தவறாமல் நடக்கிறவன்!

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் 38 வருடம் இருந்தேன். ஸ்லீப்பர் மேல் நடந்த நடைக்குக் கணக்கே இல்லை. நடக்கிறவனுக்கு என்ன குறை என்று இருந்துவிட்டேன். நாக்பூரில் நம் சங்கப் பெரியவர்கள் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். எங்கள் லைனில் கீமேன் தினமும் தன் பீட் முழுவதும் நடந்து, தளர்ந்த சாவிகளை அடித்து இறுக்குவார். அது மட்டும் போதாது. கேங் ஆட்கள் வந்து ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியை இடித்துப் பேக்கிங் செய்தால்தான் தண்டவாளம் பாரம் தாங்கும். இத்தனை தெரிந்தவன் சொந்த உடம்பில் அதைப் பொருத்திப் பார்க்கவில்லை.

நடை இருதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. அதை விட வேண்டாம். ஆனால் சமதரையில் நடக்கும்போது தொடைக்குப் பெரிய பாரம் ஏறுவதில்லை. முப்பது வயதைத் தாண்டினால் பத்து வருடத்துக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது என்கிறார்கள். அறுபதுக்கு மேல் இந்த வேகம் இன்னும் கூடுகிறது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் நடையோடு நிற்காமல், வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சியும், மூன்று நாளாவது தள்ளாடாமல் நிற்கும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொல்லியிருக்கிறது.

இதையெல்லாம் படிக்கும்போது என் தாயார் நினைவுதான் வந்தது. அப்பா காலமான பிறகு 1994-இல் அவரை இங்கே அழைத்து வந்தோம். அப்போது 68 வயது. ஊரில் கிணற்றில் நீர் இறைத்து, குனிந்து கோலம் போட்டு, ஆட்டுக்கல்லில் மாவு அரைத்த உடம்பு. இங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில் குழாயும் கிரைண்டரும் இருந்தன. "அத்தை, நீங்க உட்காருங்க, நான் பார்த்துக்கறேன்" என்பாள் என் மனைவி. நானும் ஒரு சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டேன். "ஏண்டா, என்னை ஒரு வேலையும் செய்ய விடமாட்டேங்கறீங்களே" என்று அம்மா கேட்டபோது சிரித்தேன். இரண்டே வருடத்தில் நாற்காலியை விட்டு எழ அவருக்கு ஆள் தேவைப்பட்டது. வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டோம். பாதி உண்மைதான், மீதிக்கு எங்கள் அன்பே காரணம். ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வந்திருக்கும் இளைய குடும்பத்தினருக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: காய் நறுக்கவும், துணி உலர்த்தவும், கோலம் போடவும் விடுங்கள். தடுக்காதீர்கள்.

இந்த வயதில் இனி எங்கே பலம் வரப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. 1990-இல் அமெரிக்காவில், போஸ்டனில், ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. நமக்கு அறுபதுதானே!

நான் செய்வது இதுதான். கையில்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு பத்து முறை எழுந்து உட்காருவது; மெதுவாக உட்காருவதில்தான் வேலை அதிகம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது. சுவரில் உள்ளங்கையை ஊன்றித் தண்டால் மாதிரி தள்ளுவது. மேடைக்குப் பக்கத்திலேயே ஒற்றைக்காலில் சற்று நேரம் நிற்பது. கடைசியில் கெண்டைக்கால், தொடைப் பின்புறம், தோள் ஆகியவற்றை உதறாமல் நிதானமாக நீட்டுவது. மூச்சை அடக்கக் கூடாது. இரத்தக் கொதிப்பு, எலும்புத் தேய்மானம், மூட்டு மாற்றியவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். வெறும் ரசமும் மோருமாகச் சாப்பிடாமல் பருப்பு, சுண்டல், முட்டையில் ஏற்றதைச் சேர்த்துக்கொள்ளவும் வேண்டும்.

அரை நிமிடத்தில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். 65 முதல் 69 வயதுள்ள ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 11 ஆவது வர வேண்டும் என்பது கணக்கு. முதல் நாள் எனக்கு வந்தது 8. இப்போது 13.

நம்மில் பலருடைய பிள்ளைகள் புனேயிலும் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். பூட்டிய வீட்டுக்குள் வழுக்கி விழுந்தால் கதவைத் திறக்கத் தவழ்ந்துதான் போக வேண்டும். மே மாதம் 45 டிகிரி வெயிலில் காலை நடையும் சுருங்கிவிடுகிறது. ஆகவே செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். பொங்கல், நவராத்திரி தவிர நம் ஹால் வார நாட்களில் பூட்டியே கிடக்கிறது. செவ்வாய், வெள்ளி காலை ஒரு மணி நேரம் திறந்துவிடுங்கள். இதற்குக் கருவி ஒன்றும் வாங்க வேண்டாம். விழாவுக்கு வாங்கிய நாற்காலிகள் போதும். சாவியை நான் வாங்கிக்கொள்கிறேன், ஆறு மணிக்கு வந்து திறப்பேன்.