நிலத்துக்கும் ஒரு முகவரி உண்டு

கேள்வி: ''எங்களுக்கு மூன்று ஏக்கர் சம்பா. கதிர் வரும் நேரத்தில் தண்ணீர் நின்று பயிர் அழுகிவிட்டது. பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டிய ரசீது இருக்கிறது. பக்கத்து வயல்காரர்களுக்கு இழப்பீடு வந்துவிட்டது. எங்களுக்கு வரவில்லை. கேட்டால், 'உங்கள் கிராமத்தில் மகசூல் குறையவில்லை' என்கிறார்கள். ஒரே வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இது எப்படி நடக்கும்?''

- ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: சகோதரி, நீங்கள் கடிதத்துடன் அனுப்பிய ரசீது நகலையும் சிட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தவறு அங்கேயே தெரிகிறது. ரசீதில் நீங்கள் குடியிருக்கும் கிராமத்தின் பெயர் இருக்கிறது. சிட்டாவில் நிலம் இருப்பதோ அடுத்த வருவாய்க் கிராமத்தில். பதிவு செய்தவர் ஆதார் அட்டையில் உள்ள ஊரை அப்படியே ஏற்றியிருக்க வேண்டும்.

இந்தக் காப்பீட்டில் மகசூல் இழப்பைத் தனித்தனி வயலாகப் பார்ப்பதில்லை. நெல்லுக்கு வருவாய்க் கிராமம்தான் அலகு. அந்தக் கிராமத்தில் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து, அளந்த இடத்தில் அறுத்து, அடித்து, எடை போடுவோம். அதுதான் பயிர் அறுவடைப் பரிசோதனை. அதில் வரும் சராசரியையும் வைத்துக் கிராமம் முழுவதற்கும் இழப்பீடு முடிவாகிறது. உங்கள் பயிர் ஒரு கிராமத்தில் அழுகியது; கணக்கு இன்னொரு கிராமத்தில் பார்க்கப்பட்டது.

நம்மில் பலருக்கு ஒரே ஊருக்கு மூன்று நான்கு பெயர்கள். வாயால் சொல்வது குக்கிராமத்தின் பெயர். வரி கட்டுவது ஊராட்சியின் பெயரில். கடிதம் வருவது அஞ்சலகத்தின் பெயரில். நிலம் பதிவாகியிருப்பது வருவாய்க் கிராமத்தின் பெயரில். வீட்டுக்கு எது பொருந்தினாலும், நிலத்தின் முகவரி ஒன்றுதான்: மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம், புல எண், உட்பிரிவு.

உட்பிரிவை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். பணியில் சேர்ந்த புதிதில், ஒரு விவசாயியின் மண் மாதிரிப் பையில் 112/3 என்று எழுதாமல் 112 என்று மட்டும் எழுதி அனுப்பினேன். அதே புல எண்ணில் அவருடைய அண்ணனுக்கும் நிலம். முடிவுகள் மாறிப் போயின. களர் இல்லாத வயலுக்கு ஜிப்சம் வாங்கிப் போட்டார் தம்பி. களர் வயல் அப்படியே கிடந்தது. அந்தப் பருவம் இருவருக்கும் நட்டம். இன்று வரை உட்பிரிவு எழுதாத பையை நான் வாங்குவதில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது: ரசீது, சிட்டா, அந்தப் பருவத்து அடங்கல், வங்கிப் புத்தக நகல் ஆகியவற்றுடன் வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். 14447 என்ற காப்பீட்டு உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் கேட்கலாம். பணம் வந்தே தீரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அடங்கல் சரியாக இருக்கிறது. கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

மற்ற வாசகர்களுக்கு: ரசீதை வாங்கியதும் மடித்துப் பையில் வைக்காதீர்கள். கிராமம், புல எண், உட்பிரிவு, பரப்பு, பயிர் என ஐந்தையும் சிட்டா, அடங்கலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசித் தேதிக்குக் காத்திராமல் முன்னதாகவே பதிவு செய்தால், பிழை இருந்தாலும் திருத்த அவகாசம் இருக்கும். பாகப்பிரிவினை ஆகியிருந்தால் உட்பிரிவு செய்து பட்டாவையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ''வயலிலேயே வீடு கட்டிக் குடியிருக்கிறோம். கதவு எண் கிடையாது. ராத்திரி அவசரம் என்றால் 108 வண்டிக்கு எப்படி வழி சொல்வது?''

- ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: முதலில் ஊராட்சியில் வீட்டு வரி போட்டுக் கதவு எண் வாங்குங்கள். அதுவரை, மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, குக்கிராமம், தார்ச்சாலையிலிருந்து பிரியும் இடத்தின் அடையாளம் ஆகியவற்றை ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். 'பெரிய வேப்பமரத்துக்குப் பக்கத்தில்' என்பது ஊர்க்காரருக்குப் புரியும். வெளியூர் ஓட்டுநருக்குப் புரியாது. வீட்டுப் பிள்ளைகளை அந்த அட்டையை ஒருமுறை சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். பாம்பு கடித்த பதற்றத்தில் பெரியவர்களுக்கே வாய் குழறும். போன் செய்ததும் ஒருவர் டார்ச் விளக்குடன் தார்ச்சாலைக்குப் போய் நிற்க வேண்டும்.