மணலுக்கு ஒரு வீச்சு, களிமண்ணுக்கு ஒரு வீச்சு! - காரைக்கால் தரையில் பெத்தாங் பழகுவது எப்படி?

சொந்த ஊர் மைதானத்தில் அசத்துகிறவர், வெளியூர்ப் போட்டிக்குப் போனதும் ஏன் திணறுகிறார்? கை மாறவில்லை. குண்டும் மாறவில்லை. மாறியது தரை மட்டும்தான்!

கோலி ஆடியவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். சிமென்ட் தரையில் சறுக்கிக்கொண்டு ஓடும் கோலி, புழுதியில் பாதி வழியிலேயே நின்றுவிடும். அதே கதைதான் பெத்தாங்கிலும். கோலியை விரலால் சுண்டுகிறோம், இங்கே முக்கால் கிலோவுக்குப் பக்கத்தில் எடையுள்ள இரும்புக் குண்டைக் கையால் வீசுகிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலுக்கு வந்தது 1739-ல். நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1-ல். சட்டபூர்வமாக இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். அந்த நீண்ட உறவு விட்டுச்சென்றவற்றில் பெத்தாங்கும் ஒன்று. பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற 'சொல்தா' குடும்பங்களும், அவர்களைப் பார்த்துப் பழகிய அடுத்த தலைமுறையும் புதுச்சேரியில் இதை உயிரோடு வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து சுமார் 130 கி.மீ. தெற்கே இருக்கும் காரைக்காலுக்கோ இந்த ஆட்டத்துக்கான பெரிய சொத்து ஒன்று இயற்கையாகவே வாய்த்திருக்கிறது. கடற்கரை மணல், ஆற்றோர வண்டல், வயல் களிமண், கப்பி போட்ட பாதை என்று சில கிலோமீட்டருக்குள் இத்தனை வகைத் தரை!

அதென்ன பெத்தாங்?

தெற்கு பிரான்ஸில், மார்செய் நகருக்குப் பக்கத்திலுள்ள லா சியோத்தா என்ற துறைமுக ஊரில் 1910 வாக்கில் உருவான ஆட்டம் இது. அதற்கு முன் அங்கே ஓடி வந்து குண்டு வீசும் ஆட்டம்தான் இருந்தது. மூட்டுவலியால் ஓட முடியாமல் போன ஒருவரும் ஆடட்டும் என்றுதான் நின்ற இடத்திலிருந்தே வீசும் முறையைக் கொண்டுவந்தார்கள் என்பது அந்த ஊர் சொல்லும் வரலாறு. 'ஊன்றிய பாதங்கள்' என்ற பொருள் தரும் அந்த வட்டாரச் சொல்லே 'பெத்தாங்' ஆனது.

விதிகள் எளிமையானவை. தரையில் 35 முதல் 50 செ.மீ. அகலத்தில் ஒரு வட்டம். அதற்குள் நின்று, 3 செ.மீ. அளவுள்ள ஒரு சின்ன மர உருண்டையை 6 முதல் 10 மீட்டர் தூரத்துக்குள் வீச வேண்டும். அதுதான் இலக்கு. பிரெஞ்சில் அதற்குப் 'பன்றிக்குட்டி' என்று செல்லப்பெயர். நாம் 'குட்டி' என்றே வைத்துக்கொள்வோம். பிறகு இரு அணியும் 650 முதல் 800 கிராம் வரை எடையுள்ள குண்டுகளை வீசும். யார் குண்டு குட்டிக்கு மிக அருகில் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. முதலில் 13 புள்ளி எடுத்தவர் வெற்றி. குண்டு தரையைத் தொடும்வரை காலைத் தூக்கக் கூடாது.

ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம். அதனால் தாத்தாவும் பேத்தியும் ஒரே அணியில் ஆடலாம். வயதைப் பார்த்துத் தரை யாருக்கும் சலுகை தராது, அவ்வளவுதான்!

இங்கே யாரும் பிட்ச் போட்டுத் தர மாட்டார்கள்

கிரிக்கெட்டில் பிட்சைத் தயார் செய்யத் தனி ஆள் உண்டு. சென்னை மால்களில் பார்க்கும் பவுலிங்கில், ஆட்டக்காரர் நிற்கும் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி நீளத்துக்கு மட்டமான பலகை. அதன் மேல் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத எண்ணெய்ப் பூச்சு. எண்ணெய் இருக்கும் இடத்தில் பந்து சறுக்கும், உலர்ந்த இடத்தில் திரும்பும். ஆட ஆட எண்ணெய் இடம் மாறும், ஆட்டக்காரரும் நிற்கும் இடத்தையும் பந்தையும் மாற்றிக்கொள்வார்.

பெத்தாங்கில் அந்த எண்ணெய்க்குப் பதிலாக இருப்பது கல், குழி, மேடு, ஈரம். கல்லைப் பொறுக்கிப் போடவோ மேட்டை மிதித்துச் சமன் செய்யவோ விதி அனுமதிக்காது. இரண்டே சலுகைதான். முந்தைய குண்டு விழுந்து உண்டான ஒரு குழியை, அடுத்து வீசப்போகும் அணி மூடிக்கொள்ளலாம். குட்டியை வீசப்போகிறவர், குண்டு விழ வேண்டிய இடத்தைத் தன் குண்டால் மூன்று முறைக்கு மேற்படாமல் தட்டிப் பார்க்கலாம். டொக் என்ற சத்தமா, பொத்தென்ற சத்தமா? அந்த மூன்று தட்டில் தரையின் குணம் பாதி தெரிந்துவிடும்.

குட்டியைப் பார்க்காதீர்கள்!

புதிதாக ஆடுபவர்கள் செய்யும் முதல் தவறு, குட்டியைப் பார்த்துக் குண்டை வீசுவது. குண்டு குட்டியில் போய் விழுவதில்லை. முன்னால் ஓர் இடத்தில் விழுந்து, பிறகு உருண்டு போகிறது. விழுவது வரை உங்கள் கையில், விழுந்த பிறகு தரையின் கையில். ஆகவே பார்க்க வேண்டியது குண்டு விழ வேண்டிய இடத்தை.

கை வைக்கும் விதமும் முக்கியம். உள்ளங்கை கீழ்நோக்கி இருக்க, விரல்களைச் சேர்த்துக் குண்டைப் பிடியுங்கள். விடும்போது மணிக்கட்டை லேசாகச் சுண்டினால் குண்டு பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே போகும். தரையில் விழுந்ததும் அந்தச் சுழற்சி பிரேக் மாதிரி வேலை செய்யும்.

வீச்சு மூன்று வகை:

* உருட்டு: குத்துக்காலிட்டோ குனிந்தோ, குண்டைத் தாழ்வாக விட்டு, இரண்டு மூன்று மீட்டரிலேயே தரையில் இறக்கி உருளவிடுவது. மட்டமான தரைக்கு.
* அரை வீச்சு: ஏறக்குறையப் பாதி தூரத்தில் விழுந்து, மீதி உருள்வது. சுமாரான தரைக்கு.
* உயர் வீச்சு: நின்றபடி மேலே தூக்கி வீசி, குட்டிக்குப் பக்கத்திலேயே இறக்குவது. கரடுமுரடான தரைக்கும் மணலுக்கும்.

எந்தத் தரைக்கு எந்த வீச்சு?

*கடற்கரை உலர் மணல்:* குண்டு விழுந்த இடத்திலேயே புதையும். உருட்டு இங்கே பலிக்காது. உயர் வீச்சு மட்டுமே. தூரத்தைக் கையால் அளக்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது, ஏனென்றால் விழுந்த இடமே நின்ற இடம்.

*அலையோர ஈர மணல்:* பத்தடி தள்ளி வந்தால் எல்லாமே மாறிவிடும். இறுகிய, மட்டமான தரை. உருட்டு அழகாகப் போகும். ஆனால் தரை கடல் பக்கம் சரிந்திருப்பதால் குண்டும் அந்தப் பக்கமே வளையும். எனவே மேட்டுப் பக்கமாகக் குறி வைக்க வேண்டும். எவ்வளவு தள்ளி என்பதை முதல் குண்டு சொல்லிவிடும். ஆடி முடித்ததும் குண்டுகளை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, துளி எண்ணெய் தடவி வையுங்கள். இல்லாவிட்டால் சாதாரண இரும்புக் குண்டில் உப்புத் துரு ஏறும்.

*அறுவடை முடிந்த களிமண்:* சம்பா அறுவடைக்குப் பின், மாசி பங்குனியில் டெல்டா களிமண் இறுகி வெடிக்கும். விரிசல் விளிம்பில் பட்ட குண்டு எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. விரிசல் இல்லாத ஓர் அடி இடத்தைக் கண்ணால் தேடி, பின்சுழற்சியோடு அங்கே இறக்குங்கள். குட்டிக்கு ஒன்றிரண்டு மீட்டர் முன்னாலேயே விழட்டும், துள்ளல் மீதியைப் பார்த்துக்கொள்ளும். இப்படிப்பட்ட கெட்டித் தரையில், சற்று மென்மையான இரும்பில் செய்த குண்டு குறைவாகத் துள்ளும். வயலில் ஆடும் முன் உரிமையாளரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

*கப்பியும் செம்மண்ணும்:* போட்டிகளில் அதிகம் சந்திக்கும் தரை இது. இறுகிய மண், மேலே உதிரிக் கற்கள். இங்கே அரை வீச்சுதான் கைகொடுக்கும். கனமான குண்டைச் சிறு கற்கள் எளிதில் திசை திருப்ப முடியாது. அதனால்தான் குட்டிக்கு அருகே நிறுத்தும் பொறுப்பில் இருப்பவர்களில் பலர் 700 கிராமுக்கு மேற்பட்ட குண்டை விரும்புகிறார்கள்.

*மழைக்குப் பிந்தைய தரை:* ஐப்பசி கார்த்திகையில் நேற்றுவரை ஓடிய குண்டு இன்று பாதியில் நிற்கும். தரை மென்மையானதால் உருளும் தூரம் குறையும், விழும் இடத்தை முன்னே தள்ளுங்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் முன் குண்டைத் துணியால் துடையுங்கள். ஒட்டிய சேறு எடையையும் கூட்டும், பிடியையும் வழுக்கும்.

சிமென்ட், பேவர் பிளாக் தரை மட்டும் வேண்டவே வேண்டாம். குண்டும் கெடும், தரையும் கெடும். ஊருக்குள் வீட்டு வாசல், பள்ளி முற்றம், பூங்கா என்று எல்லாமே பேவர் பிளாக்காக மாறிவரும் காலத்தில், இந்த ஆட்டத்துக்கு உண்மையான ஆபத்து அதுதான். குண்டு வாங்கிவிடலாம். 15 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில் வெறும் மண் தரையை எங்கே வாங்குவது?

ஒரு நோட்டு, இரண்டு கட்டம்

நூறு குண்டு வீசினால் மட்டும் அது பயிற்சி ஆகிவிடாது. எதனால் தவறியது என்று தெரிய வேண்டும். அதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு.

குண்டு விழ வேண்டிய இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு வட்டம் கீறிக்கொள்ளுங்கள். குட்டியை 7 மீட்டரில் வையுங்கள். 10 குண்டு வீசுங்கள். நோட்டில் இரண்டு கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில், வட்டத்தில் விழுந்தவை எத்தனை. இரண்டாம் கட்டத்தில், குட்டியிலிருந்து ஒரு முழத்துக்குள் நின்றவை எத்தனை.

வட்டத்தில் 7 விழுந்து, குட்டியருகே 2 மட்டுமே நின்றால், உங்கள் கை சரியாக இருக்கிறது, தரையைத்தான் தவறாகக் கணித்திருக்கிறீர்கள். வட்டத்தை அரை மீட்டர் தள்ளிப் போட்டுப் பாருங்கள். வட்டத்தில் 3 மட்டுமே விழுந்தால், தரையைக் குறை சொல்லிப் பயனில்லை, கைக்குத்தான் இன்னும் வேலை இருக்கிறது. வட்டத்தில் 2 விழுந்து, குட்டியருகே 6 நின்றதா? சந்தோஷப்பட வேண்டாம், அது அதிர்ஷ்டம். வேறு தரைக்குப் போனால் கூட வராது.

ஒரே மைதானத்தில் ஆடுபவர்களுக்கு நடப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது கதைதான். பழகிய தரை, கையின் தவறை மறைத்துவிடுகிறது.

அடித்து நகர்த்தவும் பழகுங்கள்

எதிரணியின் குண்டு குட்டியை ஒட்டி நின்றுவிட்டால், அதை அடித்துத் தள்ள வேண்டும். உருட்டி அடித்தால் வழியிலிருக்கும் ஒவ்வொரு கல்லும் உங்களுக்கு எதிரி. தரையைத் தொடாமல் நேராகக் குண்டின் மேல் போய் விழும்படி அடித்தால் எந்தத் தரையானாலும் ஒன்றுதான். கடினமான பழக்கம், ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வரும் பழக்கம்.

இதற்கென்று தனிப் போட்டியே இருக்கிறது. ஐந்து வகை அமைப்பு, ஒவ்வொன்றிலும் 6.5, 7.5, 8.5, 9.5 மீட்டர் தூரத்திலிருந்து ஒரு வீச்சு. மொத்தம் 20 வீச்சு, அதிகபட்சம் 100 புள்ளி. வீட்டுப் பக்கத்திலேயே இந்தத் தூரங்களைக் கயிற்றால் அளந்து பழகலாம்.

தரையைத் தேர்ந்தெடுப்பவருக்கே லாபம்

ஒரு சுற்றில் புள்ளி எடுத்த அணியே அடுத்த சுற்றில் குட்டியை வீசும். அதாவது, 6 மீட்டரா 10 மீட்டரா, கல் நிறைந்த ஓரமா மட்டமான நடுவா என்று முடிவு செய்வது அவர்கள். பல தரையில் பழகியவர், எதிரணி எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று பார்த்து, குட்டியை அங்கேயே போடுவார். ஒரே தரையில் பழகியவருக்கு அந்த வாய்ப்பு கிடைத்தும் பயன்படாது.

பிரான்ஸின் மார்செய் நகரில் 1962 முதல் நடக்கும் புகழ்பெற்ற போட்டி ஒன்றில், ஆயிரக்கணக்கானோர் பூங்காவிலும் மரத்தடிகளிலும் ஆடுகிறார்கள். தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் பெத்தாங் பதக்க விளையாட்டு. தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா வீரர்கள் உலக அளவில் பேசப்படுகிறார்கள். அங்கெல்லாம் இருப்பதும் மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் மண் தரைதான்.

இந்த வாரப் பயிற்சி

* திங்கள், செவ்வாய்: உலர் மணல். உயர் வீச்சு மட்டும். 6, 8, 10 மீட்டரில் தலா 10 குண்டு.
* புதன், வியாழன்: இறுகிய மண் தரை. அரை வீச்சு. நோட்டில் இரண்டு கட்டமும் நிரப்ப வேண்டும்.
* வெள்ளி: அலையோர ஈர மணல். உருட்டு. சரிவுக்கு எவ்வளவு தள்ளிக் குறி வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.
* சனி: அடித்து நகர்த்தும் பயிற்சி. 20 வீச்சு.
* ஞாயிறு: இதுவரை கால் வைக்காத ஒரு தரையில், வீட்டாரோடு 13 புள்ளி ஆட்டம்.

காலை 8 மணிக்கு முன்போ மாலை 4 மணிக்குப் பிறகோ ஆடுங்கள். வெயிலில் கிடந்த இரும்புக் குண்டு கையைச் சுடும். விரல்களை மூடும் ஷூ போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் வீசும்போது மற்றவர்கள், முக்கியமாகக் குழந்தைகள், எதிரில் நிற்கக் கூடாது. அவர்களுக்கு எடை குறைந்த குண்டு போதும். நோட்டில் கோடு போட்டுக் கணக்கு வைக்கும் வேலையையும் அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். யாருக்கும் சலுகை காட்டாமல் எழுதுவார்கள்!