தோட்டத்து நாயும் ஒரு தொழிலாளிதான்

"தோட்டத்து மக்களுக்கே வீடில்லை, இவர்கள் நாய்க்கு வீடு தேடுகிறார்களாம்!" என்று நம் மாணவர்களிலேயே சிலர் கேலி பேசுகின்றனர். அந்தக் கேலிக்குள் நியாயமான ஒரு கோபமும் இருக்கிறது. ஆகவே பதில் சொல்லியாக வேண்டும்.

சென்ற விடுமுறையில் நண்பர்கள் மூவரோடு ஈப்போவிலிருந்து பழைய சாலை வழியாகச் செம்மோர், சுங்கை சிப்புட் வரை மைவி காரில் போனோம். மூவரும் கிரேஹவுண்டு பைத்தியங்கள். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த அந்த ஒல்லி நாய்களை மேல்நாட்டார் வீட்டில் சேர்த்துக்கொள்வதைப் பார்த்துத்தான் இந்த வேலையில் இறங்கினார்கள். இங்கே கிரேஹவுண்டுக்கு எங்கே போவது? காலியான தோட்டங்களில் நிற்கும் நாய்களுக்குக் கருத்தடை செய்து, வீடு தேடித் தருகிறார்கள்.

வழியெல்லாம் மக்காவ் பேச்சுதான். அங்கிருந்த நாய்ப்பந்தயத் திடல் 2018 ஜூலையில் மூடப்பட்டபோது 533 கிரேஹவுண்டுகள் உள்ளேயே விடப்பட்டன. அரசு அவற்றைப் பொறுப்பேற்று, நடத்திய நிறுவனத்துக்கு அபராதமும் விதித்தது. பிறகு பல நாடுகளில் அவற்றுக்கு வீடு கிடைத்தது. கவனியுங்கள், அவை குட்டிகள் அல்ல. வளர்ந்த நாயை நம்மூரில் யாரும் சீந்துவதில்லை. கிரேஹவுண்டை மட்டும் ஏன் ஏற்கிறார்கள்? உழைத்து ஓய்வுபெற்ற நாய் என்று அதன் கதை தெரிந்திருப்பதால்தான்.

நம் தோட்டத்து நாய் மட்டும் சும்மாவா இருந்தது? நெற்றி விளக்கோடு விடியுமுன் பால்மரக் காட்டுக்குள் நுழைந்தவர்களுக்கு முன்னால் ஓடியது அது. பாம்பைக் கண்டு குரைத்தது. காட்டுப்பன்றியை லயத்துப் பக்கம் அண்டவிடவில்லை. தோட்டம் செம்பனையாகவும் தாமானாகவும் மாறியபோது வேலையோடு வீடும் போயிற்று. அடுக்குமாடிக்குப் போனவர் நாயை எங்கே கட்டுவார்? பல இடங்களில் அனுமதியே கிடையாது. விட்டுச் சென்றவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

சுங்கை சிப்புட் அருகே ஒரு பாட்டியைக் கண்டோம். வாரம் இருமுறை பஸ் ஏறி, இடிந்த லயத்துக்கு வந்து நான்கு நாய்களுக்குச் சோறு வைக்கிறார். "நாங்க போனது இதுங்களுக்குத் தெரியாது தம்பி, இன்னும் வாசல்லயே படுத்திருக்குதுங்க" என்றார். அவரையும் அந்த நாய்களையும் வெளியேற்றியது ஒரே கணக்குதான். ஒருவருக்காகக் கேட்பது இன்னொருவர் பங்கைப் பறிப்பதாகாது.

2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம் 2017இல் நடப்புக்கு வந்தது. விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் மூடிய தோட்டத்து நாய்க்கு உரிமையாளர் யார்? எல்லாரும் கைவிரிப்பார்கள். நிலத்தை மேம்பாட்டுக்கு மாற்ற அனுமதி தரும்போதே, அங்குள்ள நாய்களின் கருத்தடைச் செலவையும் வீடு தேடும் செலவையும் நிறுவனத்தின் தலையில் கட்ட வேண்டும் என்பது என் கருத்து.

அதுவரை நம்மால் ஆனது ஒன்று உண்டு. படமெடுத்துப் போடும்போது 'தெருநாய்' என்று எழுதாதீர்கள். எந்தத் தோட்டம், யார் வீட்டு வாசல், என்ன காவல் காத்தது என்று எழுதுங்கள். அப்படி எழுதிய பிறகுதான் பாட்டியின் நான்கில் இரண்டுக்கு ஈப்போவிலேயே வீடு கிடைத்தது. மீதி இரண்டும் கறுப்பு, ஆறு வயதிருக்கும். வேலி போட்ட தனி வீட்டில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், நாய் உரிமம் எடுக்க நாங்களே கூட வருகிறோம்.