பவுடர் மது: அனுமதி கிடைச்சும் கடைக்கு வராதது ஏன்?

தண்ணியில கலந்தா மது ரெடி! 'பால்கஹால்' என்ற இந்தப் பவுடரின் லேபிளுக்கு அமெரிக்க மத்திய அரசு 2014 ஏப்ரலில் ஓகே சொன்னது. சில நாளிலேயே 'தவறுதலா கொடுத்துட்டோம்' என்று பின்வாங்கி, 2015 மார்ச்சில் மீண்டும் அனுமதித்தது.

மது எப்படி பொடியாகும்? சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருள் ஆல்கஹாலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் பட்டதும் விட்டுவிடும்.

மலையேறுபவர்களுக்கு சுமை குறையும் என்றார் தயாரிப்பாளர். ஆனால் பாட்டிலைப் போல பாக்கெட் கண்ணில் படாது. பள்ளிப் பையில் ஒளிக்கலாம், ஒரே டம்ளரில் 2 பாக்கெட் கொட்டலாம் என்பதே எதிர்ப்பாளர்களின் பயம்.

அங்கே மது விற்பனையை முடிவு செய்வது மாகாணங்கள். கடைக்கு வரும் முன்பே பல மாகாணங்கள் தடை போட்டன. லேபிள் பாஸ், விற்பனை ஃபெயில்!