28 நிமிடம் போதாதா?

ஷெல்லாக் ராக் குழுவின் ‘டு ஆல் டிரெய்ன்ஸ்’ ஆல்பம் 2024 மே 17 அன்று வெளிவந்தது. அதற்குப் பத்து நாள் முன்புதான் குழுவின் கிடார் கலைஞரும் பாடகருமான ஸ்டீவ் ஆல்பினி மாரடைப்பால் 61 வயதில் காலமாகியிருந்தார். அதனால் பலரும் அதை விடைபெறும் குரலாகவே கேட்டார்கள். கடைசிப் பாட்டின் தலைப்பு வேறு, எனக்கு நரகத்தைப் பற்றிப் பயமில்லை என்கிறது, கேட்கவா வேண்டும்! ஆனால் இந்தப் பாட்டுகள் 2017 முதல் 2022 வரை அவ்வப்போது பதிவானவை. மரணத்தை எண்ணி வாசித்தவை அல்ல. இந்த ஆல்பம் திரும்பத் திரும்பக் கேட்க வைப்பதற்குக் காரணம் துக்கமல்ல, அதன் சிக்கனம்.

1992இல் தொடங்கிய குழுவில் மூன்றே பேர். முதல் தடவை கேட்கும்போது ஆல்பினியின் கரடுமுரடான கிடாரும் கத்தலும்தான் காதில் அறையும். மறுபடி கேட்டால், பல இடங்களில் மெட்டைச் சுமப்பது பாப் வெஸ்டனின் பேஸ் என்பது பிடிபடும். அதற்கும் பிறகுதான் டாட் டிரெய்னர் டிரம்ஸில் விடும் இடைவெளிகள். அடுத்த அடி எங்கே விழும் என்று தெரிந்தபின்னும் அவை காத்திருக்க வைக்கின்றன. இப்படி ஒவ்வொன்றும் தனித்துக் கேட்பது தற்செயலல்ல. நிர்வாணா குழுவின் ‘இன் யூட்டரோ’ ஆல்பத்தைப் பதிவு செய்தவர் ஆல்பினி. தயாரிப்பாளர் என்ற பட்டத்தையும் ராயல்டியையும் மறுத்தவர். வாத்தியத்தோடு அது ஒலிக்கும் அறையையும் மைக்கில் பிடிப்பது அவர் வழி. பூசாத செங்கல் சுவர்போல, இங்கே ஒவ்வொரு இணைப்பும் வெளியே தெரிகிறது.

எதையும் பத்துத் தடவை கேட்டால் பிடித்துப்போகுமே என்று கேட்கலாம். உண்மைதான், விளம்பரப் பாட்டையும் நாம் முணுமுணுக்கிறோம். ஆனால் அதைப் பத்தாவது தடவை கேட்கும்போது புதிதாக எதுவும் காதில் விழுவதில்லை. 2014இல் வந்த ஆல்பத்துக்குப் பிறகு இந்தக் குழு புதிதாகத் தந்தது பத்தே பாட்டு, 28 நிமிடம். இது சோம்பல் என்போரும் உண்டு. ஆனால் ஆல்பினிக்கும் வெஸ்டனுக்கும் ஒலிப்பதிவுதான் தொழிலாக இருந்தது. குழு சோறு போட வேண்டிய அவசியம் இல்லாததால், நிமிடங்களை நிரப்பும் கட்டாயமும் இருக்கவில்லை. இந்த ஆல்பத்தை மறுபடி கேட்கையில் தேய்ந்துபோவது வரிகளில் உள்ள நகைச்சுவை மட்டுமே. அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் போராட்டக் களத்தில் காற்றடித்து நிறுத்தும் ராட்சத எலியின் பெயர் கொண்ட ‘ஸ்காபி தி ராட்’ பாட்டு முதலில் சிரிக்க வைக்கிறது. நான்காம் தடவை, வரிகளைத் தாண்டிக் காது டிரம்ஸுக்குப் போய்விடுகிறது.