குத்துச்சண்டை தெருவில் எதுவரை கைகொடுக்கும்?

குத்துச்சண்டைப் பயிற்சிக்குச் சேரும் எல்லோருக்கும் மெடல் கனவு இருப்பதில்லை. நாளைக்கு எவனாவது சட்டையைப் பிடித்தால் சமாளிக்கத் தெரியவேண்டும், அவ்வளவுதான். பெண் பிள்ளைகளைச் சேர்த்துவிடும் பெற்றோரின் எண்ணமும் ஏறக்குறைய இதுவே. பயன்படுமா என்றால், நிச்சயம் பயன்படும். ஆனால் அந்தப் பயன் முஷ்டியில் இருப்பதாக நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பழக்கமில்லாதவர் எப்படி அடிக்கிறார் என்று முதலில் பார்ப்போம். கோபத்தில் வருபவர் நேராகக் குத்துவதில்லை. வலது கையைத் தோளுக்குப் பின்னால் இழுத்து, அரிவாள் வீசுவதுபோல அகலமாகச் சுற்றி வீசுவார். கை பின்னால் போகும்போதே அடி வரப்போவது தெரிந்துவிடும். சுற்றி வரும் கை கடக்கவேண்டிய தூரமும் அதிகம். அதற்குள் நேராக நீளும் ஒரு ஜாப் அவர் முகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். வீச்சு தவறினால் உடம்பும் அதன் பின்னாலேயே சாய்ந்து தடுமாறும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிப்பதால் கொஞ்ச நேரத்திலேயே இரைக்கத் தொடங்கும். மூன்று நிமிட ரவுண்டுகளில் பழகியவருக்கு இதெல்லாம் கண்ணுக்கு முன்னால் மெதுவாக நடப்பதுபோலத் தெரியும்.

புதிதாகச் சேர்பவரை நல்ல மாஸ்டர் உடனே குத்த விடமாட்டார். காலை நகர்த்து, இன்னும் நகர்த்து என்பார். பையன்களுக்கு அலுத்துப்போகும். தெருவில் காப்பாற்றுவது அந்த அலுப்பான பாடம்தான். எதிராளியின் கை எட்டாத இடத்தில் நிற்பது, அவர் பாய்ந்தால் நேர் பின்னால் போகாமல் பக்கவாட்டில் விலகுவது, விலகியதும் வெளியேற வழி எந்தப் பக்கம் என்று தெரிந்திருப்பது. இந்த அளவு வந்துவிட்டால் பல சண்டைகளில் கையை ஓங்கவே வேண்டியிராது. இன்னொன்று, இருவர் மோதிப் பழகும் ஸ்பாரிங் தரும் பழக்கம். முகத்தில் அடி விழுந்த பிறகும் கண்ணை மூடாமல், பதறாமல், அடுத்து என்ன செய்வது என்று யோசிப்பது அடி வாங்கிப் பழகினால்தான் வரும்.

ரிங்கில் கைதட்டல் வாங்கும் பாவ்லாக்கள் தெருவில் எடுபடுவதில்லை என்பது ஒரு வேடிக்கை. பாவ்லாவுக்கு ஏமாறுவதற்கும் கொஞ்சம் குத்துச்சண்டை தெரிந்திருக்கவேண்டும். தெரியாதவர் எதையும் கவனிக்காமல் நேரே உள்ளே வந்து இடுப்பைக் கட்டிப்பிடித்துவிடுவார். ரிங்கில் கட்டிப்பிடித்தால் நடுவர் விலக்கிவிடுவார். இங்கே இருவரும் தரையில் உருளவேண்டியதுதான். உருளும்போது என்ன செய்வது என்று குத்துச்சண்டை கற்றுத்தருவதில்லை.

கையைப் பற்றியும் சொல்லவேண்டும். 1867இல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகள் கிளவுஸைக் கட்டாயமாக்கின. கிளவுஸ் எதிராளியின் முகத்தைக் காக்கத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே சுற்றும் பேண்டேஜோடு சேர்ந்து அது குத்துபவரின் கையையும் காக்கிறது. நெற்றி எலும்பு தடிமனானது. கை எலும்புகள் மெல்லியவை. வெறுங்கையால் தலையில் குத்தினால் முறிவது பெரும்பாலும் சுண்டுவிரலுக்குக் கீழுள்ள எலும்பு. 1988 ஆகஸ்டில், உலக ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த மைக் டைசன் நியூயார்க்கின் ஹார்லெமில் தெருவில் ஒருவரைக் குத்தியதில் அவருடைய வலது கை எலும்பே முறிந்தது. ஃபிராங்க் புரூனோவுடனான போட்டி 1989 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. டைசன் கைக்கே அந்தக் கதி. எதிராளியின் பல் கிழித்து விரல் மூட்டில் ஏற்படும் காயம் இன்னும் மோசம். சின்னக் கீறலாகத் தெரிந்தாலும் சீழ் பிடித்து மூட்டையே கெடுத்துவிடலாம். பெரிய கிளவுஸை முகத்துக்கு முன் வைத்துத் தடுத்துப் பழகியவர்களுக்கு இன்னொரு ஏமாற்றமும் உண்டு: வெறுங்கைகளுக்கு நடுவே அடி சுலபமாகப் புகுந்துவிடும்.

கத்தி வந்தாலோ, மூன்று நான்கு பேர் சூழ்ந்தாலோ குத்துச்சண்டையை மறந்துவிட்டு ஓடுவதே சரி. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

அடித்து வீழ்த்திவிட்டால் முடிந்ததா? ரிங்கின் தரையில் மெத்தை விரித்திருக்கும், தெருவில் சிமென்ட். மயங்கிச் சாய்பவரின் பின்மண்டை தரையில் மோதுவது பல சமயம் குத்தைவிட ஆபத்தானது. ஒரே குத்தில் உயிர்கள் போனதைப் பார்த்துத்தான் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2014இல் இதற்கெனத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. நம் நாட்டில் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்துவின் வழக்கு இருக்கிறது. 1988இல் பாட்டியாலாவில் நடந்த சாலைத் தகராறில் அவர் தலையில் அடித்த 65 வயது முதியவர் இறந்துபோனார். 2018இல் ஆயிரம் ரூபாய் அபராதத்தோடு விட்ட உச்ச நீதிமன்றம், 2022இல் ஓராண்டு கடுங்காவல் விதித்தது. குத்துச்சண்டை வீரர், மல்யுத்த வீரர், கிரிக்கெட் வீரர் போன்ற உடல்வலிமை உள்ளவர் அடித்தால் வெறும் கையும் ஆயுதமாகலாம் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. அது தற்காப்பு வழக்கு அல்ல. ஆனாலும் பயிற்சி பெற்றவர்கள் மனத்தில் வைத்திருக்கவேண்டிய வரி.

தற்காப்பு உரிமையை, நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34ஆம் பிரிவிலிருந்து 44 வரையிலான பிரிவுகள் தருகின்றன. 37ஆம் பிரிவு அதற்கு எல்லை போடுகிறது: தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் காயப்படுத்தக்கூடாது, போலீஸ் உதவியை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமையே இல்லை. தாக்கப்படுபவர் அந்தப் பதற்றத்தில் தராசு பிடித்து அளக்க முடியாது என்பதை நீதிமன்றங்களும் ஒப்புக்கொள்கின்றன. ஆனால் எதிராளி விழுந்த பிறகு, அல்லது திரும்பி ஓடும்போது விழும் அடி தற்காப்புக் கணக்கில் சேராது. ஒரு பல் உடைந்தாலே சட்டப்படி அது கொடுங்காயம். தற்காப்பு என்று நிறுவ முடியாவிட்டால் ஏழாண்டு வரை சிறை.

தற்காப்புக்காகவே பயிற்சிக் கூடம் தேடுபவர்கள் ஒரு விஷயத்தை விசாரித்துக்கொள்ளலாம்: அங்கே ஸ்பாரிங் உண்டா? பாட்டுப் போட்டுக்கொண்டு பையைக் குத்தும் வகுப்புகள் உடம்பு குறைய நல்லவை. ஆனால் தொங்கும் பை திருப்பி அடிப்பதில்லை. ஆறு மாதம் அதையே குத்தியவருக்கு, நிஜமாக ஒரு கை முகத்தை நோக்கி வரும்போது என்ன செய்வது என்று தெரிந்திருக்காது. தலைக்கவசமும் வாய்க்காப்பும் போட்டு, மாஸ்டர் பக்கத்தில் நிற்க, பாதி வேகத்தில் இருவரை மோதவிடும் கூடமாகப் பார்த்துச் சேர்வது நல்லது.