எழுதுவதற்கு எவ்வளவு கணினி வேண்டும்?

பயணத்தின்போது எழுதுவதற்கென்று ஒரு மடிக்கணினி வாங்க விரும்புவோரிடம் கடைக்காரர் முதலில் செயலியின் வேகத்தைச் சொல்கிறார். அடுத்துத் திரையின் அகலத்தை. கடைசியில் மாதத் தவணையை. எடை எவ்வளவு, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், விசைப்பலகை விரலுக்கு இசைகிறதா என்னும் கேள்விகள் பேச்சிலேயே எழுவதில்லை. எழுதுகிறவருக்கு முதன்மையானவையோ இம்மூன்றும்தான்.

எழுத்து, கணினிக்கு மிக எளிய வேலை. ஒரு லட்சம் சொற்கள் கொண்ட தமிழ் நாவலை, படங்களின்றி வெறும் எழுத்தாகச் சேமித்தால், ஏறத்தாழ மூன்று மெகாபைட் அளவே வரும். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தின் அளவு அது. 1983-ஆம் ஆண்டு வெளிவந்த டிஆர்எஸ்-80 மாடல் 100 என்னும் கணினியின் திரையில் எட்டு வரிகளே தெரியும். நான்கு சாதாரண பேட்டரிகளில் இயங்கிய அக்கருவியைக் கொண்டே செய்தியாளர் பலர் வெளியூர்களிலிருந்து தொலைபேசி வழியே செய்தி அனுப்பினர். 2007-இல் ஏசுஸ் நிறுவனம் கொண்டுவந்த ஈ பிசி கணினியோ ஒரு கிலோவுக்கும் குறைவான எடை கொண்டது, விலையும் குறைவு. ஆனால் ஏழு அங்குலத் திரைக்கேற்ப விசைகளும் குறுகிவிட்டதால், நெடுநேரம் எழுத அது கைகொடுக்கவில்லை. வேகம் குறைந்தால் எழுத்து நிற்பதில்லை. விசைப்பலகை குறுகினால் நின்றுவிடுகிறது.

ஆகவே பதினொன்று முதல் பதினான்கு அங்குலத் திரையும், ஒன்றரைக் கிலோவுக்கு மிகாத எடையும், ஏழெட்டு மணி நேரம் தாங்கும் பேட்டரியும் இருந்தால் போதும் என்பது என் கருத்து. ரயில் பெட்டிகளில் மின்செருகிகள் இருந்தாலும், இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை அவற்றின் மின்னோட்டத்தை நிறுத்தும் வழக்கம் உண்டு. கைப்பேசிக்கும் கணினிக்கும் பொதுவான யுஎஸ்பி-சி மின்னேற்றி இருந்தால் பையின் பாரம் மேலும் குறையும்.

இருபது, முப்பதாயிரம் ரூபாய்க்குள் செலவிட நினைப்பவருக்கு முன்னால் சில வழிகள் உள்ளன. புதிய விண்டோஸ் கணினிகளில் மிக மலிவானவை 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பிடமும் கொண்டவை. விண்டோஸ் 11 இயங்குவதற்கு வரையறுக்கப்பட்ட குறைந்தபட்ச அளவே அதுதான். ஓரிரு புதுப்பிப்புகளுக்குப் பின் இடமின்றித் திணறும். இவ்வகையைத் தவிர்ப்பதே நல்லது. குரோம்புக் எடை குறைந்தது, எளியது. ஆயினும் அதற்கு வழங்கப்படும் பத்தாண்டுப் புதுப்பிப்பு, நாம் வாங்கும் நாளிலிருந்து கணக்கிடப்படுவதன்று. அந்த வகைக் கருவி வெளிவந்த காலத்திலிருந்து கணக்கிடப்படுவது. முடிவுத் தேதியைப் பார்த்த பின்னரே வாங்க வேண்டும்.

அலுவலகங்களில் பயன்பட்டுப் புதுப்பித்து விற்கப்படும் கணினிகளே தொடர்ந்து எழுதுவோருக்கு என் முதல் பரிந்துரை. உறுதியான உடலும் நல்ல விசைப்பலகையும் அவற்றில் பாதி விலைக்கும் குறைவாகவே கிடைப்பதுண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025 அன்று முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11-ஐ ஏற்கும் கருவியா என்று உறுதிசெய்துகொள்வது அவசியம். இன்டெல் செயலியானால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். பேட்டரியை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுக. ரசீதும் உத்தரவாதமும் இல்லாத கருவி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். எப்போதாவது எழுதுவோருக்கோ, கையிலுள்ள கைப்பேசியோடு இணையும் ஒரு புளூடூத் விசைப்பலகையே போதும்.

“சற்றுக் கூடுதலாகக் கொடுத்துப் பெரியதாக வாங்கினால் வீட்டில் அனைவருக்கும் பயன்படுமே” என்பர் சிலர். நியாயமான வாதம்தான். ஆனால் பிள்ளைகளின் பாடத்துக்கும் வீட்டுக் கணக்குக்கும் பொதுவாகிவிட்ட கணினி, பயணப் பைக்குள் ஏறுவதே இல்லை.

தவணையிலும் கவனம் தேவை. ‘வட்டியில்லாத் தவணை’ என்ற விளம்பரத்தை நம்பும் முன், ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையை நினைவில் கொள்க. இத்தகைய திட்டங்களில் வட்டி பெரும்பாலும் செயல்முறைக் கட்டணம் என்ற பெயரில் மறைந்து வருகிறது என்று அது சுட்டிக்காட்டியது. கிரெடிட் கார்டு தவணையின் வட்டிக்கும் கட்டணத்துக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. ரொக்கமாக வாங்கினால் கிடைத்திருக்கும் தள்ளுபடி கைநழுவுவதும் செலவே. முழு விலையையும் எழுதி ஒப்பிட்ட பின்னர் முடிவெடுங்கள். மாதம் இரண்டாயிரம் ரூபாயைத் தொடர் வைப்பில் சேர்த்தால், ஓராண்டில் கடனின்றியே இக்கணினியை வாங்கிவிடலாம்.

வாங்கிய பின், கடவுச்சொல்லின்றித் திறக்காதவாறு கருவியைப் பூட்டி வையுங்கள். எழுதியதை அன்றன்றே இன்னோரிடத்திலும் சேமியுங்கள். ரயில் நிலையப் பொது வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

நல்ல கணினி வரட்டும் என்று எழுத்தைத் தள்ளிப்போடுவோர் நம்மிடையே பலர். ஓய்வுபெற்றபின் தம் ஊரின் கதையை எழுத எண்ணியவர், யாத்திரையின் அனுபவங்களைப் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல விரும்பியவர் என அப்பட்டியல் நீளும். ஆண்டுகள் செல்லச் செல்ல மறதி கூடுகிறதே தவிர, எழுத்து கூடுவதில்லை. தேவைக்கு மட்டும் செலவிட்டு, மிஞ்சிய பணத்தில் ஒரு பயணச்சீட்டு வாங்குங்கள். எழுத வேண்டியவை அங்கேதான் காத்திருக்கின்றன.